வேலூரிலிருந்து குடும்பத்தோடு கடற்கரை ரிசார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பக்கம் கடல் கிடையாது. பாலாற்றிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். அதனாலோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி வீடுகளில் கடற்கரைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விடுதிகளை மனதில் வைத்த பதில்கள் இவை. நம் ஊரிலிருந்து அதிகம் பேர் போவது அங்கேதான்.

ரிசார்ட்டுன்னா இன்னாங்க? லாட்ஜுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?

லாட்ஜ் என்பது ராத்திரி படுத்து எழ. ரிசார்ட்டில் பகலையும் உள்ளேயே கழிக்கலாம்: நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாடும் இடம், சாப்பாட்டுக் கூடம், கடற்கரைக்கு இறங்கும் வழி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். அறை வாடகையில் பாதி இந்த வசதிகளுக்குத்தான். நாள் முழுக்க வெளியே சுற்றிவிட்டு இரவு வந்து தூங்கப் போகிறீர்கள் என்றால் ரிசார்ட் தண்டச் செலவு. ஊருக்குள் சாதாரண விடுதியே போதும்.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது நேரக் கணக்கில். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. விடிகாலை 4 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 4 மணி வரை அறை உங்களுடையது. ரிசார்ட்டில் அப்படி இல்லை. பொதுவாக மதியம் 2 மணிக்குத்தான் அறை, மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். காலை 8 மணிக்கே போய் நின்றால் வரவேற்பறை சோபாவில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு நைட் தங்கினா போதாதா?

மதியம் 2 முதல் மறுநாள் காலை 11 வரை, மொத்தம் 21 மணி நேரம். தூக்கம், சாப்பாடு, பெட்டி கட்டுதல் போனால் தண்ணீருக்கும் மணலுக்கும் ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்தான் மிச்சம். போகவும் வரவும் ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டு இது போதாது. இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முழுநாள் கிடைக்கும், அந்த நாளுக்காகத்தான் போகிறோம்.

இரண்டு இரவுக்குக் கையைக் கடிக்கிறது என்றால் வாரநாளைப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி முதல் வியாழன் வரை வாடகை பெரும்பாலும் இறங்கும். அதுவும் முடியாவிட்டால், அறை இல்லாமல் காலையில் வந்து குளம், மதியச் சாப்பாடு எல்லாம் முடித்து மாலையில் கிளம்பும் 'டே அவுட்' பல விடுதிகளில் உண்டு. ஒரு இரவு தங்குவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து கூடுவார்கள். மணலில் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே கல்யாணமும் நடக்கும். அமைதி வேண்டுபவர்கள் அந்த நாட்களைத் தள்ளிப்போடலாம். ஆனால் அது நம் பிள்ளைகள் ஒருமுறை பார்க்க வேண்டிய கூட்டம்.

ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதில் போகிறவர்களுக்கான கேள்வி கடைசிக்கு முன்னால் வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பகல் புழுக்கமாக இருந்தாலும் வாரநாளில் கூட்டம் குறைவு.

மே மாசம் வேலூர் வெயிலுக்குக் கடற்கரை குளுகுளுன்னு இருக்குமே?

வெப்பமானி அப்படித்தான் சொல்லும். வேலூர் 41, 42 டிகிரி காட்டும் நாளில் கரையோரம் சில டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் நம் வெயில் வறண்டது, அங்கே ஈரப்பதம் அதிகம், வேர்வை காயாது. மதியத்தை ஒட்டிக் கடல் காற்று உள்ளே வந்தால் இதமாகிவிடும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல் காற்று தாமதமாகும். அன்று அங்கேயும் நம் ஊர் வெயில்தான். காலை 10 மணிக்கு மேல் மாலை 4 வரை பிள்ளைகளை மணலில் விடாதீர்கள். தண்ணீரில் இருக்கும்போது சுடுவது தெரியாது, ராத்திரிதான் தோள்பட்டை எரியும்.

கார்ல எவ்ளோ நேரம்? பஸ்ல போக முடியுமா?

வேலூரிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாலாஜாபேட்டை தாண்டிக் காஞ்சிபுரம் திரும்பி, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் போனால் சென்னை நெரிசல் தொடாமலே கடலுக்குப் போய்விடலாம். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ மாற வேண்டும். ரிசார்ட்டுகள் பல ஊரிலிருந்து தள்ளி இருக்கும் என்பதால் கடைசியில் ஒரு ஆட்டோவும் தேவைப்படும்.

வீட்டில் பாட்டி இருந்தால் காஞ்சிபுரத்தைத் தாண்டும்போது காமாட்சியைப் பார்க்காமல் வண்டி நகராது. இதை முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால், மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்து, அங்கேயே சாப்பிட்டு, 2 மணி வாக்கில் அறைக்குப் போய்ச் சேரலாம். மேலே சொன்ன அறை நேரத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது.

கோவளம்னு தேடினா ரெண்டு ஊர் காட்டுது. எது நம்மது?

ஒன்று சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குச் சர்வதேச அளவில் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற கடற்கரை அங்கே இருக்கிறது. இன்னொன்று கேரளாவில், திருவனந்தபுரம் பக்கத்தில். முன்பதிவு செய்யும்போது மாவட்டத்தைப் பாருங்கள்: செங்கல்பட்டு என்றால் நம்மது. கேரளக் கோவளத்துக்கே போக ஆசை என்றால் காட்பாடியில் நிற்கும் திருவனந்தபுரம் மெயிலில் ஏறலாம். அதற்கு இரண்டு இரவு பத்தாது.

எல்லாருக்கும் ஆதார் வேணுமா? குழந்தைக்குக் காசு உண்டா?

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் செல்லும். ஆதார் கொடுப்பதானால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக் கட்டணம் விடுதிக்கு விடுதி மாறும். ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம், அதற்கு மேல் பன்னிரண்டு வரை பாதி என்பது பரவலான வழக்கம். உண்மையான வயதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏழு வயதுப் பையனை நான்கு என்று எழுதிவிட்டு வாசலில் வாக்குவாதம் செய்வது, அவன் காதில் விழும்படி, நன்றாக இருக்காது.

சாப்பாட்டோட சேர்த்துப் போடறதா, ரூம் மட்டும் போதுமா?

காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்துப் போடுங்கள். அறை மட்டும் என்று போட்டால் காலையில் நாலு பேருக்கு இட்லி, தோசை, காபிக்கு ஆகும் பில்லைப் பார்த்து வயிறு நிறைந்துவிடும். மூன்று வேளையும் சேர்த்தால் வெளியே போகும் நாளில் கட்டிய பணம் வீண். ஊரைவிட்டுத் தள்ளி, பக்கத்தில் ஒரு கடைகூட இல்லாத விடுதி என்றால் மட்டும் மூன்று வேளையும் சேர்க்கலாம்.

வீட்ல இருந்து புளிசாதம் கட்டிட்டுப் போலாமா? ஆம்பூர் பிரியாணி?

பெரும்பாலான ரிசார்ட்டுகளில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கான சாப்பாடு, சர்க்கரை நோயாளிக்கான உணவு என்றால் விடுவார்கள், முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். புளிசாதத்தைப் போகும் வழியிலேயே முடித்துவிடுவது நல்லது. முறுக்கு, தட்டை, ஆற்காடு மக்கன் பேடா மாதிரி காய்ந்த, இனிப்புப் பண்டங்களைப் பையில் வைத்தால் யாரும் கேட்பதில்லை. பிரியாணி டேக்சாவோடு போனால் வாசலிலேயே மணம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஹலால் வேண்டும் என்பவர்கள் பதிவு செய்யும் முன்பே விடுதியில் நேராகக் கேட்பது வழக்கம்தான். மேல்விஷாரம், வாணியம்பாடிக் குடும்பங்கள் இதைக் கேட்டுத்தான் விடுதியை முடிவு செய்கிறார்கள்.

அங்க போய் ஃப்ரெஷ் மீனா சாப்பிடலாம் இல்ல?

மாதத்தைப் பொறுத்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாம் லீவு விட்டுப் போவது சரியாக அந்த இரண்டு மாதத்தில். அப்போது தட்டில் வரும் வஞ்சிரம் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ, முன்பே சேமித்ததாகவோ இருக்கும். விலையும் எகிறும்.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் அந்தச் சமயத்தில் பெரிய மீனைக் கேட்காமல், "இன்னிக்குக் குப்பத்துல இன்னா வந்துச்சு?" என்று கேளுங்கள். நெத்திலியோ சங்கராவோ நண்டோ, வந்ததை வாங்கிச் சாப்பிட்டால் ருசியும் இருக்கும், காசும் மிஞ்சும்.

அப்பாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டுப் போறது சரியா?

கூட்டிப்போங்கள். ஆனால் அறையைப் பதிவு செய்யும் முன் நாலு விஷயம் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் எத்தனை தூரம், பேட்டரி வண்டி இருக்கிறதா. பெரிய வளாகங்களில் காலை டிபனுக்கே அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

மணலில் நடப்பது முட்டிக்குப் பெரிய வேலை. அலை நனைத்துப் போன இறுகிய மணலில் நடந்தால் பரவாயில்லை, காய்ந்த மணலில்தான் கால் புதையும். பெரியவர்களுக்கு ஒரு நாற்காலியைக் கரையில் போட்டுவிட்டால் மூன்று மணி நேரம் அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரிசார்ட்டில் அதிகம் அனுபவிப்பது அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். கோயில் வேண்டும் என்றால் மாமல்லபுரத்திலேயே 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் இருக்கிறார். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் தொல்லியல் துறை டிக்கெட் வேண்டும், 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம்.

நைட்டியோட, சுடிதாரோட ஸ்விம்மிங் பூல்ல எறங்க விடுவாங்களா?

விட மாட்டார்கள். பருத்தித் துணியிலிருந்து நூல் உதிர்ந்து குளத்தின் வடிகட்டியை அடைக்கும், சாயமும் இறங்கும். துணி நனைந்து கனத்தால் நீந்தவும் முடியாது. நைலான் அல்லது லைக்ரா துணிதான் கேட்பார்கள். உடம்பு தெரிகிற உடைதான் போட வேண்டும் என்று நினைத்து நம் வீட்டுப் பெண்கள் பலர் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை மூடும், தலைமறைப்போடு கூடிய நீச்சலுடையே கடைகளில் கிடைக்கிறது. ஊரிலேயே வாங்கிப் போங்கள், ரிசார்ட் கடையில் விலை கூட.

சரி, கடல்ல குளிக்கலாமா?

முழங்கால் வரை நனையுங்கள். குளிக்கும் ஆசையைக் குளத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். கேட்கிற எல்லாருக்கும் இதே பதில்தான், மாற்றிச் சொன்னதில்லை.

சென்னை முதல் புதுச்சேரி வரையான கரையில் சில அடியிலேயே ஆழம் சட்டென்று கூடும் இடங்கள் உண்டு. அதைவிட மோசம், கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குள் வேகமாகத் திரும்பும் இழுப்பு. அது எங்கே இருக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் அலை இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில். குழந்தைகளை இறக்கப் பாதுகாப்பான இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பது பல நேரம் அதைத்தான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, அந்த வேகத்தை யாராலும் எதிர்க்க முடியாது. மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பலாம். கரையில் நிற்பவர்கள் கேன், பந்து, கயிறு என்று மிதப்பது எதையாவது எறிய வேண்டுமே தவிர, குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று போய்த்தான் ஒரே குடும்பத்தில் பல உயிர் போகிறது. கடலோரக் காவல் உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

எனக்கு நல்லா நீச்சல் தெரியும். கிணத்துல குதிச்சு வளர்ந்தவன்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் அப்படி இல்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் கால் நனைக்கப் போன ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று அந்தக் கரையில் புயலும் இல்லை, மழையும் இல்லை. எங்கோ தெற்கே நடுக்கடலில் எழுந்த அலை பல நாள் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன் செய்தியில் ஒருமுறை பாருங்கள். அதோடு குப்பத்தில் ஒருவரைக் கேளுங்கள். அவர்கள் இறங்காத நாளில் நமக்கு அங்கே வேலை இல்லை. குடித்திருந்தால் எந்த நாளிலும் வேலை இல்லை.

தாலி, வளையல் கழட்டணுமா?

தாலியைக் கழற்றச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அது இருக்கட்டும். உள்ளே போட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம். மோதிரம், கொலுசு, தோடு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் வேலூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் ஊறினால் விரல் சற்றுச் சுருங்கி மோதிரம் தானாக நழுவும், மணலில் விழுந்தால் அடுத்த அலையோடு போச்சு.

ஜெல்லி மீன் கடிச்சா என்ன பண்றது?

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனையும், நீல நிறக் குமிழி மாதிரி கிடப்பதையும் தொடாதீர்கள், செத்தும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடலாம். ஒட்டியிருக்கும் இழைகளை ஒரு அட்டையாலோ இடுக்கியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சு திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

ரூம்ல இருந்தே கடல்ல சூரியன் மறையறதைப் பார்க்கலாமா?

கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. 'சன்செட் வியூ' என்று கூடுதல் பணம் கேட்டால் எந்தத் திசை என்று கேளுங்கள். சாலைக்கு மேற்கே முட்டுக்காடு உப்பங்கழி இருக்கிறது, தண்ணீர் மேல் சூரியன் மறைவதை அங்கே பார்க்கலாம். கடலில் மறைவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கேரளா.

அதுக்கு பேசாம அந்தமானே போயிடலாமே?

போகலாம், அது வேறு கணக்கு. சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம். இறங்கும் ஊர் போர்ட் பிளேர், 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு, அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவுக்கு, கப்பல். நாலைந்து இரவாவது வேண்டும். நம் நாட்டவருக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. பவளத்துண்டு பொறுக்கிப் பெட்டியில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். கைக்குழந்தை, வயதானவர்களோடு முதல் கடல் பயணம் என்றால் மாமல்லபுரமே போதும்.

'பிரைவேட் பீச்'னு போட்டிருக்கு. அப்போ வெளியாள் வர மாட்டாங்க இல்ல?

வருவார்கள், வரலாம். விடுதியின் நிலம் வேலியோடு முடிகிறது. அலை ஏறி இறங்கும் மணல் பொதுச் சொத்து, அதை யாரும் வாங்கி வைத்திருக்க முடியாது. அந்த வார்த்தைக்கு அர்த்தம், வளாகத்திலிருந்து நேராக இறங்க வழி இருக்கிறது, கூட்டம் குறைவு என்பதுதான். அங்கே படகு நிறுத்தி வலை காய வைக்கும் மீனவர்கள் ரிசார்ட் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே இருப்பவர்கள். வலையை மிதிக்காதீர்கள். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமைகள் ராத்திரியில் முட்டையிட ஏறும் கரை இது. கண்ணில் பட்டால் டார்ச் அடிக்காமல் தள்ளி நின்று பாருங்கள்.

டிசம்பர்ல கம்மி ரேட்டு காட்டுது. புயல் வந்தா காசு திரும்ப வருமா?

குறைந்த வாடகையில் பெரும்பாலும் 'ரத்து செய்தால் பணம் இல்லை' என்ற நிபந்தனை சேர்ந்தே வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. ஆகவே இது சும்மா பயம் இல்லை. மழைக்காலத்தில் சில நூறு ரூபாய் கூடினாலும், ரத்து செய்யும் வசதியுள்ள கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள். பணம் தர மாட்டோம் என்றாலும் தேதி மாற்றித் தருவீர்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்ன வாக்கு வாசலில் செல்லாது.

ஆயிரம் ரூபா கூடுதல் ரூம்தான், பில்லு மட்டும் ஏன் ரெண்டாயிரம் ஏறுது?

வரி வரம்பு. ஒரு இரவு வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்), அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,000 ரூபாய் அறைக்கு வரியோடு 7,350. 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் ஆயிரம் ஏறினால் கையிலிருந்து 2,090 போகிறது. வரம்பை ஒட்டிய அறை என்றால், கூடுதல் படுக்கையைச் சேர்த்தால் மொத்தம் எங்கே போகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில குடும்பங்களுக்குச் சின்ன அறை இரண்டு எடுப்பது பெரிய அறை ஒன்றைவிடச் சாதகமாக வரும்.

சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால், அது அரசு வரி அல்ல, கட்டாயமும் அல்ல. தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறிய பையனுக்குக் கொடுக்க நினைப்பதை அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.